டக்ட் கிளீனிங்குக்குக் காசு குடுக்க முதல் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

கனடாவில, ஸ்காபரோவில 19 வருசமா இருக்கிறன். உங்கட பேப்பரைக் கிழமைக்குக் கிழமை தமிழ்க் கடையில மரக்கறி வேண்டப் போகேக்கை எடுத்துக்கொண்டு வந்து முதல் பக்கத்தில இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கிறனான், மாமிக்கும் வாசிச்சுக் காட்டுறனான், ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ரெலிபோன் வந்தது, தமிழ்ப் பிள்ளை ஒண்டின்ர குரல், "அன்ரி, எங்கட வான் இண்டைக்கு உங்கட ஏரியாவிலதான் நிக்குது, வீடு முழுக்க டக்ட் கிளீன் பண்ண 99 டொலர்தான்" எண்டு. டக்ட் எண்டது வீடு முழுக்கச் சூட்டுக் காத்தைக் கொண்டுபோற குழாய். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. இதே வசனத்தை இதே மாதிரித் தமிழில கேட்டுத்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னம் நான் 740 டொலர் குடுத்தனான். காசு போனது ஒரு பக்கம். என்ர பிள்ளைக்கு வீட்டில என்ன ஒத்துவரேல்லை எண்டு தேடுறதை விட்டிட்டு, அதுதான் கிளீன் பண்ணியாச்சே எண்டு நினைச்சு ஒரு குளிர்காலம் முழுக்க சும்மா இருந்திட்டன், அதைத்தான் இண்டைக்கும் தாங்கேலாமல் இருக்கு.

சின்னவனுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்துமா. அப்ப அவனுக்கு 9 வயசு. வெயில் காலத்தில ஓடித் திரிவான், நவம்பர் பிறந்து கதவு யன்னல் பூட்டினாக் காணும், இழுக்கத் துவங்கிடும், இரவில தலைமாட்டில பஃபர், அந்த இழுக்கிற மருந்துக் குழல், இல்லாமல் படுக்க மாட்டான். பிள்ளை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டுக்குள்ள குந்தியிருக்கிற தாய்க்கு "உங்கட காத்துக் குழாயில இருக்கிற ஊத்தையாலதான் பிள்ளைக்கு இப்பிடி" எண்டு ஆரும் சொன்னா அவள் நம்பாமல் என்ன செய்வாள். ரெண்டு பேர் வந்தவை, 40 நிமிசம் நிண்டவை, ஒரு நீட்டுக் குழாயை, காத்து அறைக்குள்ள வாற ஓட்டையளுக்குள்ள, வென்ட் வென்ட்டா விட்டுக் காத்தடிச்சவை. பிறகு ஃபோனில ஒரு படம் காட்டினவை, உள்ளுக்கை கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம் படர்ந்த குழாய். "இது உங்கட வீட்டு டக்ட் அக்கா, மருந்தடிக்காட்டிப் பிள்ளையின்ர நெஞ்சு பழுதாப் போகும்." 99 எண்டது 740 ஆனது அந்தப் படத்தாலதான். மருந்தடிச்சவை, தேசிக்காய் வாசம் மாதிரி ஒண்டு ரெண்டு நாளா வீடு முழுக்க நிண்டது, அண்டிரவு அவன் வழமையை விடக் கூட இருமினவன். கன நாள் கழிச்சுத்தான் எனக்கு ஓடி வெளிச்சது, படத்தில இருந்தது வட்டமான, மடிப்பு மடிப்பான வெள்ளிப் பேப்பர்க் குழாய், எங்கட வீட்டில ஓடுறது முழுக்க சதுரத் தகரக் குழாய். அது எங்கட வீடே இல்லை. அவை தந்த நம்பருக்கு எடுத்துப் பாத்தன், அது இதைப்பற்றி ஒண்டுமே தெரியாத ஒரு வெள்ளைக்கார ஆச்சியின்ர வீட்டு நம்பர்.

அடுத்த ஒக்டோபர், வீட்டுக் காத்தைச் சூடாக்கிற மெசின் ஃபேர்னஸைச் செக் பண்ண ஒரு மனுசன் வந்தவர், வயது போனவர், தமிழர் இல்லை, கன கதையும் இல்லை. ஃபேர்னஸுக்குப் பக்கத்தில இருக்கிற இடுக்கில இருந்து ஃபில்டரை இழுத்து எடுத்து நிலத்தில உங்கட பழைய பேப்பரை விரிச்சு அதுக்கு மேல வைச்சவர். அதை நான் அதுக்கு முதல் கண்ணால பாத்ததே இல்லை. சாம்பல் நிறக் கம்பளி மாதிரி மொத்தமாப் படிஞ்சிருந்தது, காத்து இழுத்த இழுவையில மட்டைச் சட்டம் உள்ளுக்கு வளைஞ்சு ஒரு பக்கத்தில விரல் போற அளவுக்கு நீக்கல், அதுக்குள்ளாலதான் காத்து வடிபடாமல் போய்க்கொண்டிருந்திருக்கு. கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தன், வறுத்த மிளகாய்த்தூள் மணம். நான் கதிரைக்கும் போகாமல் நிலத்திலயே இருந்திட்டன். 740 டொலர் வாங்கிக்கொண்டு போனவை இந்த ஃபில்டரைத் தொடவே இல்லை.

அந்த மனுசன் சொல்லித்தான் வீட்டுக்குள்ள காத்து எப்பிடிச் சுத்துது எண்டே எனக்கு விளங்கினது. சுவரில கீழயும் மேலயும் இருக்கிற பெரிய கம்பித் தட்டுகள் ரிட்டர்ன், அதாலதான் வீட்டுக் காத்தை ஃபேர்னஸ் இழுக்குது, இழுத்த காத்து ஃபில்டருக்குள்ளால போய்த்தான் சூடாகி, யன்னலுக்குக் கீழ இருக்கிற சின்ன வென்ட்டுகளால திரும்பி வெளிய வருது. ஃபில்டர் ஒழுங்கா இருந்தா அறைக்கு வாற காத்து வடிச்ச காத்து. ரிட்டர்ன் தட்டில ஒட்டியிருக்கிற தூசியைப் பாத்திட்டு எல்லாரும் பயப்பிடுறம், ஆனா அது ஃபில்டருக்கு முன்னால வாற தூசி. குழாய்க்குள்ள படிஞ்சு கிடக்கிறது பெரும்பாலும் பாரமான தூசி, அது தகரத்தோட ஒட்டினபடி அப்பிடியே கிடக்கும். நெஞ்சுக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியாத துகள், அதில கனக்க ஒவ்வொரு நாளும் புதுசா எங்கட வீட்டுக்குள்ளயே உண்டாகுது.

நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். எங்கட அரசாங்கத்தின்ர சிஎம்எச்சி, அதுதான் கனடா மோர்ட்கேஜ் அண்ட் ஹவுசிங் கோர்ப்பரேஷன், வீடுகளில சோதிச்சுப் பாத்திட்டு, டக்ட் கிளீன் பண்ணினா சுவாசிக்கிற காத்து வழமையாத் திருந்தும் எண்டு எதிர்பாக்க வேண்டாம், ஹீட்டிங் பில்லும் பெரிசாக் குறையாது எண்டு எழுதி வைச்சிருக்கு. அமெரிக்காவின்ர சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஈபிஏயும், டக்ட் கிளீனிங் நோய் வராமல் தடுக்கும் எண்டு இதுவரை நிரூபிக்கப்படேல்லை எண்டுதான் சொல்லுது, உள்ளுக்கை ரசாயன மருந்தடிக்கிறதையும் வழமையாச் செய்யச் சொல்லேல்லை. மகள்தான் கம்பியூட்டரில எடுத்து எனக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினவள். இதெல்லாம் கன வருசமா எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரித்தான் கிடக்கு, ஆனா தமிழில இதை ஆரும் எனக்குச் சொல்லேல்லை, தமிழில எனக்கு வந்தது அந்த ரெலிபோன் மட்டும்தான்.

டக்ட் கிளீனிங் முழுக்கப் பொய் எண்டு நான் சொல்ல வரேல்லை. குழாய்க்குள்ள உண்மையில பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிஞ்சா, எலி பூச்சி குடியிருந்தா, தூசி அடைச்சு வென்ட்டால வெளிய பறந்தா செய்யத்தான் வேணும், ஈபிஏயே அப்பிடித்தான் சொல்லுது. என்ர மச்சாள் ஏஜாக்ஸில புது வீடு வேண்டினவ, வென்ட்டைக் கழட்டிப் பாத்தா உள்ளுக்கை சுவர்ப் பலகைத் தூள், மரத்துண்டு, ஆணி, வேலையாக்கள் சாப்பிட்டுப் போட்ட பேப்பர், அவ செய்விச்சது சரி. ஆனா அங்க வந்தவை பெரிய மெசினைக் கொழுவிக் குழாய் முழுக்க உறிஞ்ச விட்டுக்கொண்டு, ஃபேர்னஸைத் திறந்து காத்தாடி வரைக்கும் துப்புரவாக்கினவை, விடிய வந்தவை மத்தியானம் தாண்டித்தான் போனவை. எனக்குச் செய்தது 40 நிமிசம். இந்தத் தொழில் செய்யிறவையின்ர சங்கமே உப்பிடி 99 டொலர் ஆக்களிட்ட கவனம் எண்டு சொல்லுது.

இனி எங்கட குசினிக்கு வாறன், உண்மையான விசயம் அங்கதான் இருக்கு. மகள் தன்ர சிநேகிதியிட்ட இருந்து காத்து அளக்கிற சின்ன மெசின் ஒண்டு வேண்டிக்கொண்டு வந்தவள், பிஎம் 2.5 எண்டு, காத்தில இருக்கிற நுண்துகளின்ர அளவை நம்பராக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல சொன்ன அளவு, ஒரு கன மீட்டருக்கு 24 மணித்தியாலச் சராசரி 15 மைக்றோகிராமுக்கு மேல போகக்கூடாது. காலமை அது 6, 7 எண்டு நிண்டது. நான் தூளுக்கு மிளகாய் மல்லி வறுக்கத் துவங்கினன், 40, 90, 200 எண்டு ஏறுது, கடைசியில 400க்கு மேல போட்டுது, அடுப்பை நிப்பாட்டி ஒண்டரை மணித்தியாலம் கழிச்சும் மேல சின்னவன்ர அறையில 70. கதவு பூட்டியிருந்தது. வேற எதால போச்சு? பெரும்பாலும் குசினி வாசலுக்கு நேர எதிர இருக்கிற ரிட்டர்ன் தட்டாலதான், இவ்வளவு புகையையும் ஃபில்டர் முழுக்கப் பிடிக்காது. குழாயில பிழை இல்லை, நாங்கள் குடுக்கிறதை அது வீடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்குது.

ஊரில குசினி வீட்டுக்குப் புறம்பா இருந்தது, புகைக்கூடு இருந்தது, அம்மா மிளகாய் வறுத்தா புகை கூட்டுக்குள்ளால போய்ப் பனங்காணிக்கு மேல கலைஞ்சிடும், நாங்கள் முத்தத்தில நிண்டு தும்முவம், அவ்வளவுதான். அதே சமையலை அப்பிடியே கொண்டுவந்து ஆறு மாசம் யன்னல் திறக்காத வீட்டுக்குள்ள செய்யிறம். சமையலை விடுங்கோ எண்டு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன், எங்கட தூள் எங்கட தூள்தான். ஆனா புகை போக வழி வேணும். எங்கட அடுப்புக்கு மேல இருந்தது மைக்றோவேவோட சேந்த ஃபான், அது புகையை இழுத்து ஒரு கரி ஃபில்டருக்குள்ளால விட்டு முன்பக்கத்தால திரும்ப என்ர முகத்துக்கே ஊதிக்கொண்டிருந்திருக்கு, 11 வருசமா. உங்கட வீட்டிலயும் பாருங்கோ, ஃபானைப் போட்டிட்டு வெளிச்சுவருக்குப் போய் மூடி திறக்குதோ எண்டு பாருங்கோ, ஒரு ரிஷ்யூ பேப்பரை ஃபானுக்குக் கீழ பிடியுங்கோ, ஒட்டி நிண்டா இழுக்குது, விழுந்தா இழுக்கேல்லை. எங்கட பேப்பர் விழுந்தது. பிறகுதான் அடுப்புக்கு மேல புகையை இழுத்துக் குழாயால வெளிய விடுற ஹூட் போட்டம், அதுக்கு 740ஐ விடக் கூடத்தான் போச்சு, ஆனா மெசினில நம்பர் இறங்கினதை என்ர கண்ணால பாத்தன். பின் அடுப்பில சமைக்கச் சொல்லி அரசாங்கத்தின்ர சுகாதாரத் திணைக்களம் ஹெல்த் கனடா சொல்லுது, பின் அடுப்புப் புகையை ஹூட் வடிவாப் பிடிக்கும், அதுக்கு ஒரு சதமும் தேவையில்லை. காஸ் அடுப்பு வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம், அதில நைட்ரஜன் டைஒக்சைட்டும் வரும், அது தொய்வுக்காரருக்குக் கூடாது.

சாம்பிராணியைப் பற்றி எழுதுறதோ விடுறதோ எண்டு கன நேரம் யோசிச்சனான், ஏன் எண்டா மாமி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போடுறவ, அவவின்ர மனசு நோகக்கூடாது. அவவிட்டயே நம்பரைக் காட்டினனான், பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்த வெள்ளி தானாவே சாம்பிராணித் தட்டைக் குசினிக்குக் கொண்டுவந்து ஹூட்டைப் போட்டிட்டு, யன்னலையும் ஒரு சாண் திறந்து வைச்சு, கொஞ்சமாப் புகை காட்டிச் சுவாமிப் படத்துக்கு நேர பிடிச்சு எடுத்தவ. ஊதுபத்தி இப்ப ஒண்டு, முந்தி மூண்டு. பேரனுக்காக.

எச்ஆர்வி எண்டு ஒரு பெட்டி கன புது வீடுகளின்ர பேஸ்மென்ட்டில இருக்கு, வீட்டின்ர பழங்காத்தை வெளிய தள்ளி, போற காத்தின்ர சூட்டைப் பிடிச்சு வாற குளிர் காத்துக்குக் குடுத்து உள்ள விடுற சாமான். காத்துப் புகாமல் இறுக்கிக் கட்டின வீட்டுக்கு அதுதான் மூக்கு. சத்தம் போடுது, கரண்ட் பில் ஏறும் எண்டு நாங்கள் வீடு வேண்டின வருசமே பிளக்கைப் புடுங்கிட்டம், எனக்குத் தெரிஞ்ச அரைவாசிப் பேரும் அப்பிடித்தான். வெளிச்சுவரில அது காத்து இழுக்கிற வலையைப் போய்ப் பாத்தா இலவம் பஞ்சு மாதிரி மரப்பஞ்சு அப்பி அடைச்சுக் கிடந்தது, கையால உரிச்செடுத்தன். உள்ளுக்கை இருக்கிற ஃபில்டரைக் கழட்டி இளஞ்சுடு தண்ணியில கழுவிக் காயவிட்டுப் போடலாம், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, பத்து நிமிசம். காட்டுத்தீப் புகை வாற நாளில மட்டும் அதை நிப்பாட்ட வேணும், 2023 ஜூனில ரொறன்ரோ வானம் மஞ்சளிச்சுப் போன நாள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அப்பிடியான நாளில யன்னலைப் பூட்டி, நல்ல ஃபில்டர் போட்டு, ஃபேர்னஸ் ஃபானை மட்டும் ஓட விட்டா அந்த ஃபில்டரே வீட்டுக் காத்தை வடிச்சுத் தரும். ஃபில்டர் மட்டையில மேர்வ் எண்டு, எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் எண்டு காட்டுற ஒரு நம்பர் இருக்கும், நாங்கள் 11 போடுறம், 13 இன்னும் நல்லது, ஆனா பழைய ஃபேர்னஸுக்கு அதுக்குள்ளால இழுக்கக் கஸ்டம், செக் பண்ண வாறவரிட்டக் கேட்டுப் போடுங்கோ. ஒண்டு 20, 25 டொலர் வரும். ஓரத்தில இருக்கிற அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பாக்க வேணும்.

இதில எனக்கு ஆகக் கூடின கவலை பேஸ்மென்ட்டில வாடகைக்கு இருக்கிற பிள்ளையளைப் பற்றித்தான். ஊரில இருந்து படிக்க வந்ததுகள், அகதியா வந்ததுகள், நாலு ஐஞ்சு பேர் ஒரு யன்னலோட, ஹூட் இல்லாத அடுப்பில சமைச்சு, உடுப்பையும் உள்ளுக்கயே காயப்போட்டு இருக்குதுகள். ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேல போய் அப்பிடியே நிண்டா பூஞ்சணம் பிடிக்கக்கூடும், கார்ப்பெட்டுக்குக் கீழ, கட்டிலுக்குப் பின்னால. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே ஃபேர்னஸ் எண்டா ஒரே காத்துத்தான், வீட்டுக்காரர் தன்ர சொந்தப் பிள்ளைக்காக எண்டாலும் கீழ ஒரு ஃபான் பூட்டிக் குடுக்கலாம். காபன் மொனொக்சைட் அலாரம் இல்லாத பேஸ்மென்ட் நான் ரெண்டு கண்டிருக்கிறன். 2008 டிசம்பரில ஒன்ராறியோ வூட்ஸ்டாக்கில தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள் எண்டு ஒரு குடும்பம் முழுக்க அந்த வாயுவால செத்தது, அந்தக் குடும்பத்தின்ர பேரிலதான் ஒன்ராறியோவில 2013 இல சட்டம் வந்தது, காஸ் ஃபேர்னஸ் இருக்கிற வீட்டில படுக்கிற இடத்துக்குக் கிட்ட அலாரம் கட்டாயம். மணமும் இல்லை நிறமும் இல்லை, டக்ட்டில எவ்வளவு தூசி இருந்தாலும் அது ஓரிரவில ஆளைக் கொல்லாது, இது கொல்லும். றேடனும் அப்பிடித்தான், நிலத்துக்குள்ள இருந்து பேஸ்மென்ட்டுக்கு ஏறுற வாயு, புகைப்பழக்கத்துக்கு அடுத்ததா கனடாவில நுரையீரல் கான்சருக்கு அதுதான் காரணம் எண்டு ஹெல்த் கனடா சொல்லுது, ஒரு கன மீட்டர் காத்துக்கு 200 பெக்கரல் எண்ட கதிர்வீச்சு அளவுக்கு மேல எண்டால் திருத்தச் சொல்லுது. சின்ன டப்பா ஒண்டை வேண்டிக் குளிர்காலத்தில மூண்டு மாசம் வைச்சு அனுப்பினா அளந்து சொல்லுவினம். எங்கட வீட்டில இப்ப வைச்சிருக்கிறம், இன்னும் முடிவு வரேல்லை.

குழாய் கிளீன் பண்ணத்தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு ஒண்டு, உடுப்புக் காயவைக்கிற ட்றையரின்ர குழாயைச் செய்யுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா. அதில சேருற பஞ்சு நெருப்புப் பிடிக்கும்.

சட்டமும் எங்கட பக்கம் இருக்கு, தெரிஞ்சு வைச்சிருங்கோ. 2018 மார்ச் 1 இல இருந்து ஒன்ராறியோவில நாங்களாக் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து டக்ட் கிளீனிங், ஃபேர்னஸ், ஏர் கிளீனர், வோட்டர் ஹீட்டர் இதுகளுக்குக் கையெழுத்து வாங்கக்கூடாது, வாங்கினா அந்த ஒப்பந்தம் செல்லாது. ரெலிபோன் எடுக்கிறவையைத் தடுக்க, தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அரச நிறுவனம் சிஆர்ரிசியின்ர கூப்பிடவேண்டாம் பட்டியல் 2008 இல இருந்து இருக்கு, நான் பதிஞ்சிருக்கிறன், எண்டாலும் எடுக்கினம், ஏன் எண்டா பொய் நம்பரில எடுக்கிறவைக்குப் பட்டியல் ஏது. வயது போன ஆக்கள் வீட்டில தனிய இருக்கேக்கைதான் இந்தக் கோல் வாறது, தமிழில கதைச்ச உடன எங்கட பிள்ளை எண்டு கார்ட் நம்பரையும் சொல்லிப்போடுவினம். உங்கட வீட்டு ஆச்சி அப்புவுக்கு இதை ஒருக்காச் சொல்லி வையுங்கோ.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன், கோவிக்கக்கூடாது. உங்கட பேப்பரிலயும் டக்ட் கிளீனிங் விளம்பரம் வருது, போன மாசம் ஒண்டில தொய்வு, அலர்ஜி எல்லாம் மாறும் எண்டு போட்டிருந்தது. விளம்பரம் இல்லாமல் பேப்பர் இலவசமா வராது எண்டு எனக்கு விளங்குது, நேர்மையாச் செய்யிற தமிழ்ப் பெடியளும் இந்தத் தொழிலில இருக்கினம், அவையின்ர பிழைப்பில நான் கை வைக்கேல்லை. நோய் மாறும் எண்ட வரியை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைப் போடுங்கோ. என்னை மாதிரி ஒரு தாய் அந்த வரியைத்தான் முதல் வாசிப்பாள். மற்றது, நவம்பருக்கு முதல் ஒரு அரைப் பக்கம், ஃபில்டர் எங்க இருக்கு, எப்பிடிக் கழட்டுறது, எச்ஆர்வியை எப்பிடிக் கழுவுறது, அலாரத்தை எங்க பூட்டுறது எண்டு படத்தோட தமிழில போடுங்கோ, பேஸ்மென்ட் சுவரில வெட்டி ஒட்டக்கூடிய மாதிரி. படம் வேணுமெண்டால் என்ர வீட்டு ஃபேர்னஸை வந்து எடுக்கலாம்.

சின்னவனுக்கு இப்ப 11 வயசு. தொய்வு மாறேல்லை, பஃபர் இருக்குது, டொக்டரிட்டயும் போறம், ஆனா போன குளிர்காலம் இரவில எழும்பினது குறைவு. மாசம் பிறந்தா முதல் சனிக்கிழமை அவன்தான் கீழ போய் ஃபில்டரை இழுத்து லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாக்கிறவன், வெளிச்சம் தெரிஞ்சாத் திரும்பப் போடுவான், தெரியாட்டிப் புதுசு, மட்டை ஓரத்தில மார்க்கரால திகதி எழுதுவான். இந்தத் தரம் எழுதின ஃபில்டருக்குப் பக்கத்தில இன்னுமொண்டு வேண்டி வைச்சிருக்கிறன், அது எங்கட ரோட்டு முனை வீட்டு பேஸ்மென்ட்டில இருக்கிற பிள்ளையளுக்கு, அவையின்ர வீட்டுக்காரரிட்டக் கேட்டாச்சு, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கட வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ